உப்பு போட்ட கடலைமிட்டாய்

ஜாம்பிப் படங்களில் யாரும் எதையும் விற்பதில்லை. நகரம் வீழ்ந்த முதல் நாளே கல்லாப் பெட்டிக்கு வேலை போய்விடுகிறது. நாயகனும் கூட்டாளிகளும் கடையின் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைகிறார்கள். டின்களையும் தண்ணீர் பாட்டில்களையும் பையில் அள்ளுகிறார்கள், தேதி பார்க்கிறார்கள், எண்ணிப் பதுக்குகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து சாப்பாடு வெறும் சரக்கு. சமைக்கிறவர், பரிமாறுகிறவர், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்று கேட்கிறவர் எல்லோரும் கதையைவிட்டு வெளியேறிவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட தெருவில் ஒருவன் தள்ளுவண்டியை நிறுத்தி அடுப்பைப் பற்றவைக்கிறான் என்று ஓர் அனிமேஷன் நகைச்சுவையை எண்ணிப் பாருங்கள். கேட்டதுமே சிரிப்பு வருகிறது. முனையில் பிணங்கள் நடக்க, இவன் வெங்காயம் நறுக்குகிறான். காய்கறி எங்கிருந்து வரும்? எந்தக் காசு செல்லும்? வரிசையில் நிற்பவர்களில் சாப்பிட வந்தவர் யார், கடைக்காரனையே தின்ன வந்தவர் யார்? இவற்றில் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயத்துக்குப் போதும். இந்தக் கற்பனையை நான் விளையாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜாம்பிக் கதை உலகுக்குத் தெரியவந்த இடத்திலேயே தின்பண்டம் விற்கும் பெண் ஒருத்தி நிற்கிறாள். அவளை மறந்துவிட்டுத்தான் இந்த வகைக் கதை இத்தனை பெரிதாக வளர்ந்தது. உலகம் முடிந்த பிறகும் கடை திறக்கிற நகைச்சுவைகள், தெரிந்தோ தெரியாமலோ, அவளிடம் திரும்பிப் போகின்றன.

1929இல் வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற நூலை வெளியிட்டார். ஹைத்தி நாட்டைப் பற்றிய நூல். ஆங்கில வாசகர்களிடையே ஜாம்பியைப் பரவலாக்கியது அதுதான். கரும்புக் காட்டில் வேலை செய்யும் பிணங்களைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பொலினிஸ் என்ற உள்ளூர் விவசாயி தனக்குச் சொன்னதாக சீப்ரூக் எழுதும் கதை இது. 1918இல் கரும்பு நன்றாக விளைந்திருக்கிறது. ஹாஸ்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஹைத்தி அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனிக்கு ஆள் போதவில்லை. புதிய ஆட்களைக் கூட்டி வருபவர்களுக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். தி ஜோசப் என்ற வயதான கங்காணி, கந்தலுடுத்திய ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருகிறான். கண்களில் ஒளி இல்லை. பெயர் கேட்டால் பதில் இல்லை. மலைக்காட்டு ஆட்கள், நம் பேச்சு புரியாது என்று சொல்லிச் சமாளிக்கிறான். உண்மையில் அவர்கள் புதைகுழியிலிருந்து எழுப்பப்பட்டவர்கள். அவர்களுக்குக் களைப்புத் தெரியாது, எதையும் கேட்கத் தோன்றாது. சனிக்கிழமைக் கூலி ஜோசப்பின் பைக்குப் போகிறது. அவன் மனைவி க்ருவாயான்ஸ் சமைத்துப் போடுகிறாள். கட்டுப்பாடு ஒன்றுதான்: உப்பும் இறைச்சியும் அவர்கள் நாக்கில் படக்கூடாது.

திருவிழா வருகிறது. ஜோசப் பணத்தோடு தலைநகருக்குப் போய்விடுகிறான். வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள்மேல் அவளுக்கு இரக்கம் உண்டாகிறது. ஊர்வலத்தையாவது பார்க்கட்டும் என்று க்ருவா-தெ-பூக்கே என்ற ஊருக்கு அழைத்துப் போகிறாள். எதைக் காட்டியும் அந்த முகங்களில் அசைவில்லை. அப்போது ஒரு பெண் தின்பண்டம் விற்றுக்கொண்டு வருகிறாள். பழுப்புச் சர்க்கரைப் பாகில் கடலையைப் போட்டு இறுக்கிய வில்லைகள், நம் கடலைமிட்டாய்தான். இனிப்புத்தானே, உப்பு இருக்காது என்று நினைத்து க்ருவாயான்ஸ் வாங்கி ஆளுக்கொன்று கொடுக்கிறாள். பாகில் போடுமுன் கடலைக்கு உப்பிட்டிருக்கிறார்கள். தின்றவர்களுக்குத் தாங்கள் இறந்தவர்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ஓலமிட்டு எழுந்து தங்கள் மலையடிவார ஊரை நோக்கி நடக்கிறார்கள். யாருக்கும் தடுக்கத் துணிவில்லை. ஊரில் அவர்களைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் நிற்கவில்லை. அவரவர் புதைகுழி மண்ணைக் கையால் தோண்டி அங்கேயே விழுந்து பிணமாகிறார்கள்.

இது நடந்ததா என்று கேட்பதில் பயனில்லை. எந்த மண்ணில் இப்படி ஒரு கதை தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி. 1804இல் அடிமைகள் போராடி வென்று உருவாக்கிய நாடு ஹைத்தி. 1915இல் அமெரிக்கக் கடற்படையினர் இறங்கினார்கள். 1934 வரை அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. சாலை போடக் கூலியில்லாக் கட்டாய வேலையை மீண்டும் கொண்டுவந்தார்கள், ஆட்களைப் பிடித்துக் கயிற்றால் கட்டி இழுத்துப் போனார்கள். அதை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சியின் தலைவர் ஷார்ல்மான் பெரால்த் 1919இல் கொல்லப்பட்டார். ஜாம்பி என்றால் கடிக்கவரும் உருவம் என்ற எண்ணமே அந்த மக்களுக்கு இல்லை. தாங்களே ஜாம்பி ஆகிவிடுவோமோ என்பதுதான் அவர்கள் பயம். செத்த பிறகாவது வேலை ஓயும் என்ற நம்பிக்கையையும் ஒருவன் பிடுங்கிக்கொண்டால்? தேயிலைத் தோட்டக் கங்காணிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கொடிய ஓர் ஏற்பாட்டை உடைப்பது யார் என்று பார்த்தால், பூசாரியும் இல்லை, வீரனும் இல்லை. கடலைமிட்டாய்க்காரி. யாருக்கு விற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. கடலைக்கு உப்பிட்டால் இனிப்பு தூக்கலாகத் தெரியும் என்ற தொழில் அறிவு மட்டும்தான் அவளிடம் இருந்தது. வாங்கிக் கொடுத்தவளுக்கோ கொஞ்சம் இரக்கமும் சில காசுகளும். கங்காணியின் சமையலும் சாப்பாடுதான். அது உடலை வேலைக்கு நிறுத்திவைக்கும் சாப்பாடு. தெருவில் விற்றதில் சுவை இருந்தது. சுவை வந்ததும் நினைவு வந்தது, ஊர் எந்தத் திசையில் என்பதும் வந்தது. இந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் அந்த விற்பனைக்காரிக்குப் பெயர் இல்லாதது என்னை உறுத்துகிறது. தன் சரக்கு என்ன செய்தது என்று அவளுக்கு யாராவது போய்ச் சொன்னார்களா?

ஹைத்தியின் எழுத்தாளர்கள் உப்பை மறக்கவில்லை. ஃப்ராங்கெத்தியென் 1975இல் ஹைத்தியின் கிரியோல் மொழியில் எழுதிய 'தெஸாஃபி' நாவலில், ஜாம்பிகளாக ஆக்கப்பட்டு வயலில் உழைக்கும் மக்களை உப்புதான் விழிக்க வைக்கிறது. விழித்தவர்கள் அங்கே புதைகுழிக்குத் திரும்பவில்லை, எசமானுக்கு எதிராக எழுகிறார்கள். துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எதைப் பற்றிய கதை என்று வாசித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் புரிந்திருக்கும்.

அமெரிக்கத் திரை எடுத்துக்கொண்டது வேறொன்றை. 1932இல் வந்த 'வைட் ஜாம்பி'யில் இன்னும் சர்க்கரை ஆலை இருக்கிறது. பிணங்கள் செக்கைச் சுற்றித் தள்ளிக்கொண்டேயிருக்க, ஒருவன் இடறி அரவைக்குள் விழுகிறான், மற்றவர்கள் நிறுத்தாமல் தள்ளுகிறார்கள். அந்தப் படத்தில் நான் மதிக்கிற காட்சி அது ஒன்றுதான். பிறகு 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' வந்தது. வேலை செய்யும் பிணம் தின்னும் பிணமாக மாறியது அங்கேதான். எசமான் இல்லை, ஆலை இல்லை, உப்பும் இல்லை. பசி மட்டும் மிச்சம். தின்னத் தின்ன அடங்காத பசியை நம் மணிமேகலையும் அறியும். முனிவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்த காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ நோயால் வாடுகிறாள். அவளுக்கு மருந்து உண்டு. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இடும் சோற்றில் அந்தப் பசி தீர்கிறது, அவள் தன் ஊருக்குப் புறப்படுகிறாள். ரொமேரோவின் உலகத்தில் மருந்துக்கு இடமில்லை. தலையில் சுட வேண்டும், அவ்வளவுதான். பசித்தவனுக்கு எதிரில் துப்பாக்கியை மட்டும் வைத்ததுதான் இந்த வகைக் கதையின் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

ரொமேரோவே அதை உணர்ந்திருக்கிறார் என்பதற்கு 1978இல் அவர் எடுத்த 'டான் ஆஃப் த டெட்' சாட்சி. பிட்ஸ்பர்க் அருகே உள்ள மன்ரோவில் மால் என்ற வணிக வளாகத்தில் நான்கு பேர் ஒளிந்துகொள்கிறார்கள். எல்லாப் பொருளும் அவர்களுடையது. ஒரு மாலை, வளாகத்து உணவகத்தில் மெழுகுவத்தி ஏற்றி, இணையாக இருக்கும் இருவரை உட்காரவைத்து, நால்வரில் ஒருவனான பீட்டர் சர்வரைப் போலப் பரிமாறிவிட்டுப் போகிறான். அவன் போனதும் காதலன் மோதிரத்தை நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை; இப்போது அது உண்மையாக இருக்காது என்கிறாள். எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற அந்தக் கட்டடத்தில் விருந்து நாடகமாகிவிட்டது. பரிமாறுகிற நண்பனின் அன்பு மட்டும் நாடகம் இல்லை. அந்த மூன்று நிமிடங்களுக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

ஹைத்தியின் பயத்தை, அதாவது உழைப்பிலிருந்து விடுதலையே இல்லை என்ற பயத்தை, மறுபடியும் கையில் எடுத்தது ஜப்பானின் நகைச்சுவை. அசோ ஹாரோ எழுத தகாடா கொதாரோ வரைந்த 'ஜாம் 100' மங்கா 2018இல் தொடங்கியது. அனிமே 2023 ஜூலையில் வந்தது. அதன் நாயகன் அகிரா டெண்டோவுக்கு வயது இருபத்து நான்கு. விளம்பரப் படத் துறைக் கம்பெனி ஒன்றில் மூன்று ஆண்டுகளாக இரவு பகல் பாராமல் உழைத்து நடைப்பிணமாகிவிட்டான். ஒரு காலையில் வேலைக்குப் புறப்படுகிறபோது ஊரே ஜாம்பிகளால் நிரம்பியிருக்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவன் கூரைமேல் ஏறியதும் கூவுகிறான்: இனிமேல் வேலைக்குப் போகவேண்டியதில்லை! அதுவரை சாம்பல் பூத்திருந்த திரையில் நிறங்கள் பாய்கின்றன. ரத்தம்கூடப் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகத் தெறிக்கிறது. இது வெறும் அலங்காரம் இல்லை. உலகம் முடிந்ததால் ஒருவனுக்கு உலகம் திரும்பக் கிடைக்கிறது என்பதை நிறத்தாலேயே சொல்லிவிடுகிறார்கள். இதே கதையில் பின்னால், உயிர் தப்பியவர்களின் கூட்டம் ஒன்றுக்குத் தலைவனாக அவனுடைய பழைய அதிகாரி எதிர்ப்படுகிறான். அகிரா பேச்சின்றி மறுபடி ஏவல் வேலைக்குள் நுழைந்துவிடுகிறான். ஜாம்பி கடித்ததைவிட அந்த அத்தியாயங்கள் என்னை அதிகம் பயமுறுத்தின. கங்காணி ஜோசப் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அகிரா பட்டியலிடும் நூறு ஆசைகளில் பெரும்பாலானவை தனக்கு வேண்டியவை. அதைக் குறை சொல்லமாட்டேன். மூன்று ஆண்டுகள் தன்னை இழந்தவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தெருமுனையில் அடுப்பு மூட்டுகிறவன் கதை அங்கிருந்து ஒரு படி மேலே போகிறது. அவனும் தன் வேலையைத் தானே தேர்ந்தவன், ஆனால் அந்த வேலை அடுத்தவர் வயிற்றில் போய் முடிகிறது.

செத்தவர்களுக்கு நடுவே சமையல் என்பதைத் தமிழில் ஒருவர் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற பிறகு ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி, போரைச் சொல்வதைவிட அதிக ஆசையோடு பேய்களின் பசியைச் சொல்கிறது. ஒட்டிய வயிறும் வற்றிய உடலுமாகக் காளியிடம் முறையிடும் பேய்களுக்குப் போர்க்களத்தில் கூழ் சமைக்க உத்தரவு கிடைக்கிறது. உடனே பானையில் கை வைத்துவிடவில்லை. யானைக் கொம்பால் பல் துலக்குகின்றன, குளிக்கின்றன, அணி பூணுகின்றன. முரசை உரலாக்கி, யானைத் தந்தத்தை உலக்கையாக்கி, வீரர்களின் பற்களை அரிசியாகப் போட்டுப் பாட்டுப் பாடிக் குத்துகின்றன. வெந்ததும் பந்தி. பிச்சை கேட்டு வரும் பார்ப்பனப் பேய்க்கு, மயிர் கிடக்குமோ என்று கூழை வடிகட்டிக் கேட்கும் சமணப் பேய்க்கு, புத்தப் பேய்க்கு, குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு என்று அவரவர் தேவை அறிந்து வார்க்கச் சொல்கிறது பரணி. கனவில் கூழ் கண்ட பேயையும் விட்டுவிடவில்லை. உண்டு முடித்து, குதிரைக் காதை வெற்றிலையாகச் சுருட்டிப் போட்டுக்கொண்டு மன்னனை வாழ்த்துகின்றன.

பந்தியில் ஒவ்வொருவரையும் பார்த்துப் பரிமாறுகிற அந்தக் கண் வியப்பானது. சத்திரத்தையும் மடைப்பள்ளியையும் கூர்ந்து கவனித்த கவிஞனால்தான் அதை எழுத முடியும். அதே சமயம் பானைக்குள் இருப்பவர்கள் கலிங்கத்து மனிதர்கள். வென்றவனின் அவையில் படிக்கப்பட்ட பாட்டு என்பதால் யாருடைய பிள்ளைகள் அவர்கள் என்று பரணி கேட்கவில்லை. அந்தச் சிரிப்பில் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. ஜாம்பிகளுக்கு நடுவே கடை நடத்தும் எந்த நகைச்சுவைக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது. வெளியே தள்ளாடி வருபவர் நேற்றுவரை அதே தெருவில் குடியிருந்தவர். ஒருவேளை அந்தக் கடையிலேயே பற்று வைத்திருந்தவர். அவரை அகப்பையால் அடித்துச் சாய்ப்பதைச் சிரிப்பாக்கிவிட்டு நகரும் கதையைவிட, அவர் வழக்கமாக என்ன கேட்பார் என்று கடைக்காரனுக்கு நினைவிருக்கிற கதையை நான் நம்புவேன்.

இப்படிப்பட்ட கதைக்கு ஏன் அனிமேஷன் பொருத்தம் என்றும் யோசித்திருக்கிறேன். நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் பிணத்துக்கு ஒப்பனைக்காரர் பொறுப்பு, தட்டில் உள்ள சோறு சோறாகவே இருக்கும். வரைந்த படத்தில் அழுகிய கையும் கொதிக்கும் குழம்பும் ஒரே பேனாவில் பிறக்கின்றன. இரண்டுமே கோடும் வண்ணமும்தான். ஆகவே பார்ப்பவருக்கு நாவூற வேண்டுமென்றால் வரைகிறவர் உழைக்க வேண்டும்: ஆவி எந்த வேகத்தில் மேலே போகிறது, முட்டையின் கரு எப்போது உடைகிறது, முதல் வாயை எடுத்தவரின் தோள் எப்படித் தளர்கிறது. ஜப்பானிய அனிமேஷன்காரர்கள் இதில் காட்டும் கவனம் ஊரறிந்தது. ஒரு கிண்ணத்துக்காக அத்தனை படங்கள் வரைந்த பிறகு, அந்தக் கிண்ணம் கதைக்குள் மதிப்பற்ற சரக்காக இருக்க முடியாது.

உலகம் முடிந்த தெருவில் கடை போடுவது ஜப்பானியர்களுக்குக் கற்பனையும் அல்ல. 1945 ஆகஸ்ட் 15இல் சரணடைவு அறிவிப்பு. எரிந்து கிடந்த டோக்கியோவின் சின்ஜுகு நிலையத்தருகே ஆகஸ்ட் 20ஆம் தேதியே கள்ளச்சந்தை திறந்துவிட்டது. தெருக்கடைக்காரர்களின் தலைவர் ஒசு கினோசுகே, ஒளி சின்ஜுகுவிலிருந்து வருகிறது என்று விளம்பரமே செய்தார். பங்கீட்டில் கிடைத்ததை மட்டும் உண்டு உயிர் வாழ முடியாத காலம். யாமாகுச்சி யோஷிதாதா என்ற நீதிபதி கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்தவர். அந்தக் குற்றத்துக்காக மற்றவர்களைத் தண்டித்துவிட்டுத் தானும் அங்கே வாங்கி உண்பது சரியில்லை என்று பங்கீட்டோடு நின்றார், அதிலும் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1947 அக்டோபரில் ஊட்டமில்லாமல் இறந்தார், வயது 33. அவர் நேர்மையை வணங்குகிறேன். கூடவே, தண்டிக்கப்பட்ட அந்தத் தெருக்கடைகள்தாம் நகரத்தை உயிரோடு வைத்திருந்தன என்பதையும் மறைக்க முடியாது. ஃபுகுவோகா நகரத்து யாதாய் வண்டிக்கடைகள் பெருகியதும் அப்போதுதான். போருக்குப் பின் ஹகாத்தா துறைமுகம் வழியாக 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெறுங்கையோடு நாடு திரும்பினார்கள். வண்டியும் அடுப்பும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. பத்துப் பேர்கூட நெருக்கித்தான் உட்கார முடிகிற அந்தக் கடைகளுக்கு 2013இல் நகராட்சி தனிச் சட்டமே இயற்றியது. சுமார் நூறு கடைகள் இன்றும் மாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விரிகின்றன.

ஆனால் கடை எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. தகஹாத்தா இசாவோவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) அனிமேஷனில் அண்ணன் செய்தாவுக்குத் தாய் விட்டுப்போன பணம் வங்கியில் இருக்கிறது. விவசாயி விற்க மறுக்கிறான். தங்கை பசியில் சாகிறாள். பிறகு 1945 செப்டம்பர் 21 இரவு, கோபே நகரத்துச் சான்னோமியா நிலையத்தில் செய்தாவும் சாகிறான். அந்த நிலையத்தைச் சுற்றித்தான் அந்த மாதங்களில் நாட்டின் பெரிய கள்ளச்சந்தைகளில் ஒன்று நடந்தது. தின்பதற்கு எத்தனையோ இருந்தன, அவனிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. உலகம் முடிந்த பின் கடை நடத்துபவனைக் கொண்டாடும் எந்தக் கதையும் இந்தப் பையனுக்கு இடம் வைக்க வேண்டும். விலை உண்டு என்றால் விலை கொடுக்க முடியாதவர் உண்டு. நல்ல கடைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பற்று நோட்டு. நாளைக்கு வருவாய் என்று நம்பி இன்றைக்குப் போடுகிற சோறு அது. நாளையே இல்லாத உலகத்தில் ஒருவன் அந்த நோட்டைத் திறந்துவைத்திருப்பதில் உள்ள துணிச்சலை, பத்து ஜாம்பிகளை வெட்டுகிற காட்சிக்கு மேலாக வைப்பேன்.

அந்தத் துணிச்சலை நூற்றாண்டுக் கணக்கில் நீட்டிப் பார்த்தது 2025இல் வந்த 'அபோகலிப்ஸ் ஹோட்டல்'. பன்னிரண்டு அத்தியாயங்கள். இதில் ஜாம்பி இல்லை. பூமியின் காற்று மனிதர்களுக்கு ஒவ்வாமல் போக, எல்லோரும் கப்பலேறி விண்வெளிக்குப் போய்விடுகிறார்கள். டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு ஹோட்டலை ரோபோக்கள் நடத்திக்கொண்டிருக்கின்றன. பதில் மேலாளருக்கும் பதிலாகப் பொறுப்பு வகிக்கும் யாச்சியோ என்ற ரோபோப் பெண், நூறு ஆண்டுகளாகத் தினமும் படுக்கை விரிப்பை மாற்றி, வரவேற்பறையில் தயாராக நிற்கிறாள். விருந்தினர் ஒருவரும் வரவில்லை. தொடக்க அத்தியாயத்தில் பெரிய நெருக்கடி எது தெரியுமா? குழந்தைகள் தலை குளிக்கும்போது கண்ணில் நுரை படாமல் அணியும் தொப்பி ஒன்று காணாமல் போய்விடுகிறது. எவரும் குளிக்காத குளியலறைக்காக அத்தனை பேரும் தேடுகிறார்கள். வாய்விட்டுச் சிரித்தேன், மரியாதையும் வந்தது. யாரோ ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வரலாம் என்பவர்கள் அப்படித்தான் தேடுவார்கள்.

பிறகு விருந்தினர்கள் வருகிறார்கள், மனிதர்கள் அல்ல. வேற்றுக் கிரகத்திலிருந்து தனுக்கி என்ற விலங்குகளைப் போன்ற ஒரு குடும்பம் வந்து தங்குகிறது. ஹோட்டலைக் குப்பையாக்குகிறது, யாச்சியோவின் பொறுமையைச் சோதிக்கிறது. அந்த வீட்டுப் பெண் போன்கோ மெல்ல மெல்ல ஹோட்டல் வேலையைக் கற்றுக்கொண்டு அங்கேயே ஊழியராகிறாள். கடைசி அத்தியாயத்தில் மனிதர் ஒருவர் வந்து சேர்வதற்கு எல்லோரும் முக்கியத்துவம் கொடுப்பார்கள். எனக்கு அதைவிட ஒன்பதாவது அத்தியாயம் முக்கியம். போன்கோவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது; அவளுடைய பாட்டி இறந்துபோகிறாள். ஒன்றைத் தள்ளிப்போடு என்று நம் ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசியிருப்பார்கள். அந்த ஹோட்டல் இரண்டையும் சேர்த்தே நடத்திக்கொடுக்கிறது. வாழ்த்துவதும் வழியனுப்புவதும் ஒரே நிகழ்ச்சி நிரலில் அடுத்தடுத்து வருகின்றன. மனித இனமே இல்லாத கோளில், மனிதர்களிடமிருந்து கற்றுக்கொண்ட உபசரிப்பை ஒரு ரோபோ வேற்றுக் கிரகத்துக் குடும்பத்துக்குச் செய்துகொடுக்கிறது, அந்தக் குடும்பத்துப் பெண் மணக்கோலத்திலேயே அதன் சக ஊழியராகவும் இருக்கிறாள். மறுநாளும் அந்த ஹோட்டல் திறந்திருக்கிறது, படுக்கை விரிப்புகளை மாற்ற வேண்டியிருக்கிறது.